கண்ணாடித் தொட்டியில் கடல்

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனுக்குக் கடல் காகிதத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. மீன்வளம் பற்றிய அறிக்கைகளும், பாராளுமன்ற வினாக்களுக்கான விடைகளும், கடலோர மக்களுக்கான அறிவிப்புகளும் ஆங்கில உடையில் என் மேசைக்கு வந்து தமிழ் உடையில் திரும்புகின்றன. அவற்றுள் ஒரு சொல் எனக்கு நெடுநாள் தொல்லை கொடுத்தது. ‘அக்வேரியம்’ என்பது அச்சொல். மீன் காட்சிச்சாலை என்று எழுதினால் அது ஊர்ப் பொதுவிலுள்ள பெரிய கட்டடத்தைக் குறிக்கிறது. மீன் தொட்டி என்று எழுதினாலோ, சந்தையில் விராலும் கெளுத்தியும் விலைக்குக் காத்துக்கிடக்கும் சிமெண்டுத் தொட்டி நினைவுக்கு வருகிறது. பின்னர் விசாரித்தபோது மூலச் சொல்லின் கதையும் அத்தகையதே என்று தெரிந்தது. பழைய இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குக் கால்நடைகள் நீர் பருகும் இடம் என்பது பொருளாம். அதை எடுத்து, உயிர்கள் வாழும் கண்ணாடிக் கலத்துக்குப் பெயராக நிலைநாட்டியவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர்; ஆண்டு 1854. மாடுகளுக்கான தண்ணீர்த்துறை ஒன்று கடலுக்கு வீடாகியது எவ்வாறு என்பதைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஒரு சொந்த நோக்கமும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த என் மகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, டில்லிக் குடியிருப்பில் ஓர் உவர்நீர்த் தொட்டி வைத்தேன். கடல் எந்தத் திசையில் போனாலும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். குழாய் நீரைப் பிடித்து, கடையில் விற்ற கடலுப்பைக் கரைத்து, அன்று மாலையே இரண்டு கோமாளி மீன்களையும் நீலநிறச் சிறுமீன்கள் மூன்றையும் விட்டோம். ஒன்பது நாட்களில் ஐந்தும் மாண்டன. நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. உணவும் குறைவில்லை. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்த நீரில் மீன் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தவன்தான், ஒரு சரித்திரத்துக்குள் போய் விழுந்தேன்.

கடல்மீனை நிலத்தில் வைத்திருக்கும் ஆசை பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமாபுரிச் செல்வர் லுக்குல்லஸ், நேப்பிள்ஸ் நகரை அடுத்த தம் மாளிகையின் குளங்களுக்குக் கடல்நீர் வருவதற்காக ஒரு குன்றையே குடைந்து கால்வாய் வெட்டினார். ஆனால் அது கடலின் ஒரு கிளையைத் தோட்டத்துக்குள் இழுத்த வேலை. கடலோடு தொடர்பு அறுந்தபின்னும் கடல்நீரை உயிருள்ளதாக வைத்திருப்பது வேறு வேலை. அதற்கு உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1828-இல் ஸ்காட்லாந்து நாட்டில் சர் ஜான் டாலியல் என்னும் கனவான், வடபெர்விக் என்ற கடலோர ஊரில் ஒரு கடற்சாமந்தியை எடுத்துவந்து எடின்பரோ நகரிலுள்ள தம் இல்லத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சாடியில் வைத்தார். கடற்சாமந்தி என்பது பூவன்று. பாறையில் ஒட்டிக்கொண்டு இதழ்போன்ற விரல்களால் இரைபிடிக்கும் பிராணி. அதற்குப் ‘பாட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது. பாட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்றாள். 1851-இல் டாலியல் காலமானார். பாட்டி ஒருவர்பின் ஒருவராக வேறு அறிஞர்களின் பொறுப்புக்கு மாறி 1887 வரை வாழ்ந்தாள். அவள் மறைவைப் பத்திரிகைகள் அறிவித்தன. இந்த நீண்ட ஆயுளின் இரகசியம் யாது? டாலியல் அமர்த்தியிருந்த ஒரு சுமையாள் வாரத்துக்கு மும்முறையேனும் கடலுக்குச் சென்று புதுநீர் சுமந்துவந்தான். அவ்வளவே. பாட்டியின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அவனுடைய பெயர் இல்லை.

இதே காலத்தில், சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில், ஜான் வில்பிரே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி வேறொரு வழியில் சென்றார். 1794-இல் பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்த இவர், பாரிசுக்கு வந்து தையல் வேலை செய்தவர். அரசகுலத்து மணமகளுக்குத் திருமண ஆடை தைத்துப் புகழ்பெற்று, ஒரு வணிகரை மணந்து சிசிலி சேர்ந்தார். அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தது ஆர்கோநாட் என்னும் பேய்க்கணவாய் இனம். காகிதம்போல் மெல்லிய ஓட்டுக்குள் அது வாழ்கிறது. அந்த ஓடு அதன் சொந்த ஓடா, அல்லது முனிவன் நண்டைப்போல் வேறொரு பிராணி கைவிட்ட வீட்டில் குடிபுகுந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடி வந்தனர். செத்த உடலை அறுத்துப் பார்ப்பதால் இவ்வழக்குத் தீராது. உயிரோடு பார்க்க வேண்டும். ஆகவே 1832 அளவில் அம்மையார் கண்ணாடித் தொட்டிகளையும், கடலுக்குள் இறக்கி வைக்கும் கூண்டுகளையும் தாமே வகுத்தார். அவற்றில் வளர்த்த பிராணிகள் தம் ஓட்டைத் தாமே கட்டுவதையும், உடைந்த பகுதியைத் தாமே செப்பனிடுவதையும் கண்டு எழுதினார். வழக்குத் தீர்ந்தது. 1838-இல் அவருடைய சேகரங்களையும் ஏடுகளையும் ஏற்றிச்சென்ற கப்பல் மூழ்கிவிட்டது. பெரும்பகுதி கடலுக்கே போயிற்று. ஆயினும் 1858-இல் ரிச்சர்டு ஓவன் என்ற பெரும் விஞ்ஞானி, இத்தொட்டிகளைக் கண்டுபிடித்த பெருமை அவருக்கே உரியது என்று எழுதிவைத்தார். அலுவலகக் கோப்பில் ஒரு வரி பதிவாகாமற் போனால் ஒரு மனிதனே மறைந்துவிடுவான் என்பதை அறிந்த எனக்கு, அந்த ஒரு வரி பெரிதாகப்படுகிறது.

இங்கிலாந்தில் அடுத்த அடி எடுத்துவைத்தவரும் ஒரு பெண்மணியே. 1846-இல் அன்னா தின் என்னும் சீமாட்டி டார்க்கீ என்னும் கடற்கரை ஊருக்கு ஓய்வுக்குச் சென்றார். அங்குள்ள பாறைகளில் வளரும் சிறு பவழப் பூச்சிகளைக் கண்டு, அவற்றை இலண்டனுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிறைத்த சாடியில் இட்டுச் சென்றார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தை அடுத்த இல்லத்தில் அவை பிழைத்துக் கிடந்தன. முதலில் கடற்கரையிலிருந்து நீர் வரவழைத்து மாற்றி வந்தார். அது கட்டுப்படியாகவில்லை. காற்றுப் பட்டால் நீர் புத்துயிர் பெறும் என்று எண்ணி, திறந்த சாளரத்தின் முன் நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றிமாற்றி ஊற்றச் செய்தார். ‘ஊற்றச் செய்தார்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும்; ஊற்றியவள் அவருடைய சிறு பணிப்பெண். களைப்புத் தரும் வேலைதான், ஆனால் அப்பெண் அதை ஒரு விளையாட்டாகவே கருதினாள் என்று சீமாட்டி 1859-இல் வெளியான தம் கட்டுரையில் தெரிவிக்கிறார். பணிப்பெண் கட்டுரை எழுதவில்லை.

1847-இல் அவர் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார். வெளிச்சத்தில் பாசி பிராணவாயுவை வெளியிடும். பிராணிகள் அதைச் சுவாசித்துக் கரியமிலவாயுவை விடும். அதைப் பாசி உண்ணும். 1849 வாக்கில் நீரை மாற்றாமலே பிராணிகள் வாழும் நிலை ஏற்பட்டது. அதே 1849-இல், இலண்டன் மருந்தாளர் சங்கத்தின் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன், இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் நன்னீர்க் கலத்தில் வைத்து இதே கொள்கையைச் சோதிக்கலானார். இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அழுகிய இலையைத் தின்னும் நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. செடியும் மீனும் போதா, நடுவே ஒரு தோட்டியும் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். 1852-இல் கடல்நீருக்கும் இம்முறையைக் கொண்டுசென்றார்.

பிலிப் காஸ் இவ்விடத்தில்தான் வருகிறார். அவர் ஆழ்ந்த சமயப்பற்றுள்ளவர், கூர்மையான கண்ணுடையவர், எழுதவும் வரையவும் வல்லவர். டெவன் மாகாணத்துக் கடற்கரைப் பாறைக்குட்டைகளில் இடுப்பளவு நீரில் நின்று பிராணிகளைச் சேகரித்தவர். 1853 மே மாதத்தில் இலண்டன் விலங்குச்சாலையில் முதல் ‘மீன் இல்லம்’ திறக்கப்பட்டபோது அங்கு வைத்த உயிர்களில் பல அவர் அனுப்பியவை. அடுத்த ஆண்டு அவர் எழுதிய ‘அக்வேரியம்’ என்னும் நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்து பரபரப்பாக விற்றது. அவர் செய்த வேறொரு காரியம் எனக்கு அதனினும் முக்கியமாகப்படுகிறது. சோற்றுப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவறிந்து கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையை அவர் வெளியிட்டார். அந்நீரில் முதலில் பாசியை இட்டுச் சில நாள் பொறுத்திருந்து, பின்னரே பிராணிகளை விட்டார். டாலியலின் சுமையாளுக்கு இனி வேலையில்லை என்றாயிற்று. ‘சில நாள் பொறுத்திருந்து’ என்ற சொற்றொடரை நான் காலம் கடந்தே படித்தேன்.

1845-இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்தது. இரயில் பாதைகள் கடற்கரைகளைத் தொட்டன. இவ்விரண்டோடு ஒரு நல்ல நூலும் சேர்ந்ததும் நாடே தொட்டிமயமாகிவிட்டது. ஆடவரும் பெண்டிரும் உளியும் சுத்தியும் கூடையுமாகக் கடற்கரைக்கு இறங்கினர். இலண்டனில் புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து வந்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிடு என்பவர், கடற்பிராணிகளையும் கடல்நீரையும் தொட்டிகளையும் விற்பதற்கென்றே பெரிய கடை வைத்தார். ஆனால் மோகம் நீடிக்கவில்லை. நீர் கெட்டு நாற்றமெடுத்தது; பிராணிகள் மாண்டன. தொட்டி வைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதைக் கைவிட்டுவிட்டதாக 1868-இல் ஜே. ஜி. வுட் என்னும் பாதிரியார் எழுதினார். இவர்களெல்லாம் என் இனத்தார் என்று படிக்கும்போது எனக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று.

ஆனால் பாறைக்குட்டைகளுக்கு ஆறுதல் இல்லை. ஒவ்வொரு தொட்டியிலும் செத்தவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வேண்டும். புதியவை கடற்கரையிலிருந்தே வரவேண்டும். காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் இதை எழுதுகிறார். தாம் சிறுவனாகத் தந்தையுடன் கண்ட பாறைக்குட்டைகள் மனிதக் கண் படாத தோட்டங்களாக இருந்தன. தந்தையின் நூல்களைப் படித்துத் திரண்டுவந்த கூட்டம் அவற்றைச் சூறையாடிவிட்டது. அதைக் கண்டு தந்தை மிகவும் வருந்தினார் என்கிறார். கடலின் அழகை மக்களுக்குக் காட்டவேண்டும் என்று எழுதியவர் அதன் அழிவுக்குக் காரணமாயினார். அவரைக் குற்றம் கூற எனக்கு நாவெழவில்லை. காட்டாமல் இருந்திருக்கலாமா? காட்டியிராவிட்டால் வருந்துவதற்கும் ஆள் இருந்திராதே!

தொட்டிகள் ஏன் தோற்றன? செடியும் பிராணியும் ஒன்றையொன்று சமன் செய்யும் என்ற கொள்கை பாதி உண்மையே. மீன் கழிக்கும் கழிவில் பெரும்பகுதி அமோனியா. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால் அந்நஞ்சின் கடுமை அங்கே அதிகம். இயற்கையில் சில நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. கடைசியில் நிற்கும் நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து அவற்றின் தொழிலை நிலைநாட்டியவர் செர்கை வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய விஞ்ஞானி. 1890 அளவில் அவர் மண்ணில் கண்டது நீருக்கும் பொருந்தியது. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இல்லை. அவை மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே நஞ்சுண்டு சாகும். என் வீட்டில் நிகழ்ந்தது இதுவே.

இன்னொன்றும் உண்டு. நன்னீர்மீனின் உடலில் உப்பு அதிகம், வெளியே குறைவு. ஆகவே நீர் தானாகவே உடலுக்குள் புகும். கடல்மீனின் கதை நேர்மாறு. ஓர் ஆயிரம் பங்கு கடல்நீரில் சுமார் 35 பங்கு உப்பு. மீனின் உடலில் அதைவிடக் குறைவு. ஆதலால் கடலின் நடுவிலிருந்தே அதன் உடல் ஓயாது நீரை இழக்கிறது. அது கடலைக் குடித்து, மிகை உப்பைச் செவுளின் வழியே வெளியேற்றி உயிர்வாழ்கிறது. தான் வாழும் நீரையே நாள்தோறும் பருகவேண்டிய பிராணிக்கு அந்நீர் கெட்டால் தப்ப வழி ஏது? பவழப்பாறைச் சிறுமீன்களோ, ஆண்டு முழுதும் வெப்பமும் உப்பும் அதிகம் மாறாத நீரில் பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்து பழகியவை. குட்டையில் வளரும் பொன்மீனின் பொறுமையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

பொதுக் காட்சிச்சாலைகள் வேறு வழியில் வெற்றிகண்டன. கடை நொடித்துப்போன லாயிடு, 1864-இல் ஹாம்பர்க் நகரிலும் 1871-இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கங்களை நிலத்தடியில் இருளில் அமைத்து, இயந்திரத்தால் நீரை ஓயாது சுழலச் செய்தார். அந்த வாய்ப்பு வீட்டுக்காரருக்கு ஏது?

நம் நாட்டில் இதற்கு முதல் இடம் தந்தது சென்னை. அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட கடல்மீன் காட்சிச்சாலை 1909-இல் கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்டது. பின்னர் 1951-இல் பம்பாய்க் கடலோரத்தில், ஒரு பார்சி வள்ளலின் நன்கொடையுடன் எழுந்த தாராபூர்வாலா காட்சிச்சாலையை அன்றைய குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். இரண்டும் கடலை எதிரே வைத்துக்கொண்டு கட்டப்பட்டவை.

வீட்டுக்குள் பவழப்பாறை மீனைக் கொண்டுவந்தவை வேறு மூன்று: ஆகாய விமானம், பிளாஸ்டிக் பை, பசை. இரண்டாம் உலகப்போருக்குப்பின் பிராணவாயு அடைத்த பாலித்தீன் பைகளில் மீன்கள் வெப்ப நாடுகளிலிருந்து ஒரே நாளில் பனிநாடுகளை அடைந்தன. பழைய தொட்டிகளின் இரும்புச் சட்டம் உவர்நீரில் துருவேறி நீரை நஞ்சாக்கி வந்தது. 1960-களில் சிலிக்கோன் பசை வந்ததும் சட்டமே இல்லாமல் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்ட முடிந்தது. பொட்டலக் கடலுப்பும் அந்தக் காலத்திலேயே கடைக்கு வந்தது.

ஆனால் முறையைக் காட்டியவர் கிழக்கே இருந்தார். ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர் 1961-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தம் முறையை எழுதினார். மேல்நாட்டார் மணல் வடிகட்டி, கரி, மருந்து என்று போராடிக்கொண்டிருந்தபோது, இவர் கடலிலிருந்து உயிர்கள் குடியிருக்கும் பாறைத்துண்டுகளை எடுத்து அப்படியே தொட்டியில் அடுக்கினார். மெல்லிய காற்றுக் குமிழியும் வெயிலும் தவிர வேறொன்றும் தரவில்லை. மீனும் பவழமும் அதில் வாழ்ந்தன. பாறையின் துளைகளில் குடியிருந்த நுண்ணுயிர்களே வடிகட்டி. பலர் நம்பவில்லை. குளிர்நாட்டில் இது நடவாது என்றனர். 1970-களிலும் 80-களிலும் ஜெர்மனியர் இதே உயிர்ப்பாறையோடு வலிய விளக்கையும், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியையும் சேர்த்துத் தங்கள் முறையாக்கினர். இன்று உலகெங்கும் பரவியிருப்பது அதுவே. பெர்லின் முறை என்று அதற்குப் பெயர். ஜகார்த்தா முறை என்று ஒருவரும் கூறுவதில்லை.

இனிச் சொல்லப்போவது இன்பமான பகுதியன்று. டெவன் கரையில் நிகழ்ந்தது உலக அளவில் நிகழ்ந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களிலிருந்து, பவழப்பாறை இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயங்கிய மீனைப் பிடிக்கும் வழக்கம் பரவியது. மீன் மயங்கும், பவழம் சாகும், பிழைத்ததுபோல் தோன்றிய மீனும் பின்னர்ச் சாவதுண்டு. ஐக்கிய நாடுகள் சூழலமைப்பின் ஆதரவில் 2003-இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2 கோடியே 40 லட்சம் வரையான கடல் அழகுமீன்கள் விற்கப்படுவதாகவும் அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை என்றும் கணக்கிட்டது. ஏறக்குறைய அனைத்தும் கடலிலிருந்து நேரே பிடிக்கப்பட்டவை. சில இனங்களைத் தொட்டிக்கு விற்பதே அநீதி. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல உயிருள்ள பவழத்தை மட்டுமே கொத்தித் தின்பவை. வீட்டில் அவற்றுக்குக் கிடைப்பது பட்டினி.

நம் மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து பவழப்பாறைகள் உண்டு. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தனர். 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவழங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் அவற்றுக்கும் சட்டத்தின் முன் ஒரே தகுதி. அந்த அறிவிப்பைப் படித்தபோது, கல்லைப் புலியாக்கியிருக்கிறார்களே என்று அலுவலக நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். பவழம் கல்லன்று என்பதை அவருக்கு விளக்க ஒரு தேநீர் நேரம் பிடித்தது. எவ்வாறாயினும், லீ சின் எங் செய்ததை இந்தியக் கடலில் செய்தால் சிறைவாசம் கிடைக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி அப்பவழங்கள் வெளுத்துப்போனதை நினைத்தால், அச்சட்டத்தைக் கடுமை என்று சொல்ல மனம் வருவதில்லை.

அப்படியாயின் வீட்டில் கடல் வைக்கவே கூடாதா? ஒரு வழி உண்டு. அது கோமாளி மீனின் வழி. இம்மீன் கடற்சாமந்தியின் நச்சு விரல்களுக்கிடையே அஞ்சாமல் வாழ்வது. ஒரு குடும்பத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை காத்திருப்பவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். ஜெர்மானிய அறிஞர்கள் 1977-இல் இதை வெளியிட்டனர். சாமந்தியை ஒட்டிய பாறையைத் துடைத்து அதன்மேல் முட்டையிடும். ஆண்மீன் விசிறிக் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின், குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்கு ஊட்டக் கண்ணுக்கு எளிதில் தெரியாத ரோட்டிஃபர் என்னும் நீர்ப்பூச்சிகளை வளர்க்கவேண்டும். அமெரிக்காவில் மார்ட்டின் மோ என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இதை வணிக அளவில் செய்து காட்டினார். நம் நாட்டில், 1947-இல் தொடங்கப்பெற்று நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் பல கோமாளி மீன் இனங்களைப் பொரிப்பகத்தில் வளர்த்து அம்முறையைப் பிறருக்கும் கற்பித்தனர். பொரிப்பகத்து மீன் கடலையே கண்டதில்லை. அதை வாங்குவதால் எந்தப் பாறையிலும் ஒரு மீன் குறைவதில்லை. விலை சற்று அதிகம். கொடுக்கத்தக்க விலையே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் தொடங்கினோம். சுட்ட களிமண் துண்டுகளை அடுக்கி, குளோரின் நீக்கிய நீரில் உப்புக் கரைத்து, ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்டை வீட்டார், மீன் எங்கே என்று கேட்டு அலுத்தனர். அமோனியாச் சோதனைத்தாள் நிறம் மாறாதிருந்தபின், பொரிப்பகத்துக் கோமாளி மீன் இரண்டை மட்டும் விட்டோம். அவை இருக்கின்றன. பெரியதைப் பெண் என்று இப்போது அறிவோம். இவ்வாண்டு தைமாதத்தில் உடைந்த பூந்தொட்டியின் உட்புறம் ஆரஞ்சு நிற முட்டைகள் கண்டோம். எட்டாம் இரவு அவை பொரிந்தன. ஊட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. விடிந்தபோது ஒரு குஞ்சும் இல்லை.

அதன்பின் வந்த கோடையில் ஒருநாள் மின்சாரம் நான்கு மணி நேரம் நின்றுவிட்டது. காற்றுக்குழாயின் குமிழிகள் அடங்கின. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்தன. நானும் மகளும் சாளரத்தைத் திறந்துவைத்து, குவளையால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலானோம். முக்கால் மணி நேரத்தில் என் தோள் கடுத்தது. குவளையை அவளிடம் கொடுத்தேன். வெஸ்ட்மினிஸ்டர் சீமாட்டியின் கதையை அப்போது அவளுக்குச் சொன்னேன். பணிப்பெண் அதை விளையாட்டாகக் கருதினாள் என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்த அம்மாள் ஒருநாளாவது தாமே ஊற்றிப் பார்த்தாரா, அப்பா?” என்று கேட்டாள். அதைப்பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லை என்றேன். மின்சாரம் வரும்வரை இருவரும் மாறிமாறி ஊற்றிக்கொண்டிருந்தோம்.